அளவோடு என்றால் எவ்வளவு?

“தெரியாம போட்டாத்தான் தம்பி பிரச்சினை. தெரிஞ்சு, அளவா, ஆள் பார்த்துப் போட்டா ஒண்ணும் ஆகாது.”

எங்கள் ஊரில் பழைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஜிம்மில் இந்த வாக்கியம் காதில் விழாத மாதம் கிடையாது. மாஸ்டர் சொல்வார். அவரிடம் கேட்டவன் ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்வான். மாவட்ட ஆணழகன் பட்டம் வாங்கிய ஒருவர் இதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து காணொளியில் சொல்வார். முத்தாய்ப்பாக ஒரு பழமொழியும் வந்து விழும்: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எச்சரிக்கையாகப் பிறந்த பழமொழி இங்கே ஊசிக்குச் சிபாரிசுக் கடிதமாக வேலை பார்க்கிறது. மிஞ்சினால்தானே நஞ்சு? மிஞ்சாவிட்டால் அமிர்தம்தானே?

நான் மருத்துவன் இல்லை. இருபது வருடமாக எடை தூக்குகிறவன். தூக்கிய எடையைவிடக் கேட்ட பேச்சு அதிகம். அந்தப் பேச்சுகளிலேயே மிகவும் படித்ததுபோலத் தோன்றுவதும், அதனாலேயே அதிகம் பேரைக் கவிழ்ப்பதும் இந்த ‘அளவோடு’தான் என்பது என் கட்சி. ஜிம்மில் போடுகிற ஸ்டீராய்டுக்கு ‘அளவோடு’ என்று ஒரு நிலை கிடையாது. உடம்பு வைத்திருக்கும் அளவை மீறுவதற்காகவே அது போடப்படுகிறது. மீறாவிட்டால் போட்டவனுக்கு அதனால் பயனில்லை. மீறினால், தசையைக் கொடுத்த அதே அளவுதான் மற்றதையும் கொடுக்கிறது.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கருத்து இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு மாஸ்டர்கள் மட்டும் காரணமில்லை. எதிர்த்துப் பேசியவர்களின் அரைகுறைப் பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு. புரோட்டீன் பவுடரும் ஸ்டீராய்டும் ஒன்று என்று நினைக்கிற அப்பாக்கள், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள், ஒரு ஊசியிலேயே உயிர் போய்விடும் என்று மிரட்டுகிறவர்கள். பையன் ஊசி போட்டுக்கொள்கிறான். சாகவில்லை. சில வாரங்களில் பெஞ்ச் பிரஸ் கம்பியின் இரண்டு பக்கமும் கூடுதல் பிளேட் ஏறுகிறது. சட்டைக் கை இறுகுகிறது. தெருவில் பார்க்கிறவர்கள் ‘என்னடா பாடி ஏறிருச்சு’ என்கிறார்கள். மிரட்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் பொய்யர்களாகிவிட, உண்மை பேசியவர் மாஸ்டர் ஒருவர்தான் என்று ஆகிவிடுகிறது.

ஆகவே இந்த மருந்து வேலை செய்யாது என்று நான் சொல்லப்போவதில்லை. நன்றாகவே வேலை செய்கிறது. 1996இல் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 43 ஆண்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். மருந்து ஊசி பெற்றவர்களுக்கு, ஜிம் ஸ்டீராய்டுகளுக்கெல்லாம் மூலமான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம். மருந்தில்லா ஊசியுடன் உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை ஏறக்குறைய 2 கிலோ கூடியது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. பயிற்சியே செய்யாமல் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். வியர்வை சிந்தியவனைவிடச் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு அதிகம் ஏறியது. இந்த மருந்தின் கவர்ச்சி முழுவதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு இருபது வயதுப் பையனிடம் புத்தி சொல்லப் போனால் அவன் காது கொடுக்க மாட்டான்.

இந்த ஆய்வு ஜிம் உலகத்துக்குத் தலைகீழ்ப் பாடம். அதே பாசின் குழு 2001இல் வெளியிட்ட இன்னொன்றை மட்டும் யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. 61 இளைஞர்கள், ஐந்து அளவுகள்: வாரத்துக்கு 25, 50, 125, 300, 600 மில்லிகிராம். 20 வாரம். அளவு ஏற ஏறத் தசை ஏறியது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற, நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். இறங்கியது. ஏறுகிற தசைக்கும் இறங்குகிற நல்ல கொழுப்புக்கும் ஒரே படிக்கட்டு. தசைக்கு மட்டும் டிக்கெட் வாங்கி ஏறிக்கொள்ளும் படி எதுவும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் புஜத்தில் இருப்பதுபோல இதயத் தசையிலும் இருக்கின்றன. மருந்துக்குப் புஜம் எது, நெஞ்சு எது என்று தெரியாது.

இனி ‘அளவோடு’ என்ற கட்டடத்தைத் தாங்கும் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தூண்: ‘டாக்டரே எழுதிக் கொடுக்கிற மருந்துதானே?’ எழுதிக் கொடுக்கிறார்தான். விரைகள் வேலை செய்யாதவருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டவருக்கும், இல்லாததை ஈடுகட்ட எழுதிக் கொடுக்கிறார். ஆரோக்கியமான இளைஞனின் உடல் ஒரு நாளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய 5 முதல் 7 மில்லிகிராம். குறைபாடு உள்ளவருக்கு ஊசியாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு வாரத்துக்கு 75 முதல் 100 மில்லிகிராம். ஜிம்மில் புதியவனின் முதல் ஊசிச் சுற்றை, ‘பிகினர் சைக்கிள்’ என்று கைபிடித்து நடத்திவைப்பதே வாரம் 500 மில்லிகிராமில். அதற்கு மேல் டெக்கா என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஊசி, அதற்கு மேல் மாத்திரை, போட்டி நெருங்கினால் ட்ரென். இந்த ட்ரென், அதாவது ட்ரென்போலோன், மனிதருக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தே இல்லை. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் காதுத் தோலுக்கடியில் எடை ஏற்றுவதற்காகப் பதிப்பது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எழுதுகிறார்கள், ஆகவே நல்ல உடம்புக்காரனும் ஐந்து மடங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் வாதாடினால் சிரித்துவிட்டுப் போவோம். சிரிக்கவும் முடியவில்லை, மேடை ஏறுகிறவர்களில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவரின் அளவையே ஆரோக்கியமானவன் போட்டுக்கொண்டால்? உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். உள்ளே ஊறியது போய் வெளியிலிருந்து வரும். மேடைக்குப் போகும் உடம்பு அதில் வராது. அதனால்தான் எந்த மாஸ்டரும் அந்த அளவில் நிற்பதில்லை. ‘டாக்டர் மருந்து’ என்று பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறார்கள். அளவை அவரிடமிருந்து வாங்குவதில்லை.

அளவு காகிதத்தில் நிற்கும், ஜிம்மில் நிற்காது என்பதற்கு ஸ்டீராய்டுக் கதையின் முதல் அத்தியாயமே சாட்சி. 1954இல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டிக்கு அமெரிக்க அணியுடன் போன டாக்டர் ஜான் ஜீக்லர், சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு திரும்பினார். 1958இல் சீபா நிறுவனம் டயானபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பென்சில்வேனியாவில் யார்க் பார்பெல் கிளப்பைச் சேர்ந்த வீரர்களுக்கு ஜீக்லர் அதைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார். கொடுத்தவர் மருத்துவர். அளந்து கொடுத்தார். வாங்கியவர்கள் தேர்ந்த வீரர்கள். தெரிஞ்சு, அளவா, ஆள் பார்த்து என்று நம் மாஸ்டர் கேட்கும் மூன்றும் அங்கே கூடியிருந்தன. என்ன ஆயிற்று? ஒரு மாத்திரைக்கு இவ்வளவு என்றால் நாலுக்கு எவ்வளவு என்று வீரர்களே கணக்குப் போட்டு அள்ளி விழுங்கத் தொடங்கினார்கள். ஜீக்லர் கசந்துபோய் ஒதுங்கினார். தான் தொடங்கிவைத்ததை நினைத்துப் பின்னாளில் வருந்தினார். ‘அளவோடு’ என்ற கொள்கை பிறந்த வீட்டிலேயே இறந்துவிட்டது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் நாம் அதற்குப் பேர் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது தூண் சைக்கிள். ‘பத்துப் பன்னிரண்டு வாரம் போடு, அப்புறம் இறக்கு, பி.சி.டி. எடு, உடம்பு பழையபடி ஆயிரும்.’ பி.சி.டி. என்பது சைக்கிள் முடிந்தபின் சுரப்பை மீட்கக் கொடுக்கும் மருந்துகள். இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நீர் ஏற்றுகிறது. தொட்டி நிரம்பினால் மிதவை எழும்பி நிறுத்திவிடுகிறது. லாரித் தண்ணீரை வாங்கி மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் மிதவை எழும்பியபடியே நிற்கும். மோட்டாருக்கு வேலை இல்லை. மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் திரும்ப எப்போது ஓடும் என்று மெக்கானிக்கே சத்தியம் செய்ய மாட்டார். உடம்பில் மூளைதான் அந்த மிதவை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து நிரம்பியதும், விரைகளுக்குப் போகும் உத்தரவை அது நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி விழுகிறது.

இது எவ்வளவு நிச்சயமாக நடக்கிறது என்றால், உலக சுகாதார நிறுவனம் இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் 7 நாடுகளின் 10 மையங்களில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போடப்பட்டது. 157 பேருக்கு விந்தணு முற்றாக இல்லாமல் போனது. நம் ஜிம்மின் பிகினர் அளவில் பாதிகூட இல்லை அது. ஆண்மை பெருகும் என்று நம்பிப் போட்டுக்கொள்வது, அதைவிடக் குறைந்த அளவில் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியாகச் சோதிக்கப்பட்டது என்று நான் சொன்னபோது ஜிம்மில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் புதிதாகக் கல்யாணமானவர்கள்.

மீண்டு வருகிறவர்கள் உண்டா? உண்டு. நிறுத்திய சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ பலருக்குச் சுரப்பு திரும்புகிறது. எவனுக்குத் திரும்பும், எவனுக்கு இழுத்தடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் ஆள் இல்லை. பி.சி.டி. என்ற பெயரில் கொடுக்கப்படுவதில் தமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. குளோமிஃபீன் குழந்தைப்பேறு தள்ளிப்போகும் பெண்களுக்குக் கொடுப்பது. ஒரு பிழையைத் திருத்த இரண்டு மருந்து, அவற்றையும் எழுதித் தருவது பத்தாம் வகுப்பு படித்த மாஸ்டர்.

இதயமும் சைக்கிளோடு இறங்கிவிடுமா? 2017இல் அமெரிக்காவில் ஆரன் பாகிஷ் குழுவினர் 140 அனுபவசாலிப் பளுதூக்குபவர்களைப் பரிசோதித்தார்கள். 86 பேர் ஸ்டீராய்டு போட்டவர்கள், 54 பேர் போடாதவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்று அளந்தார்கள். போடாதவர்களுக்குச் சராசரி 63. அப்போது போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 49. நிறுத்தியிருந்தவர்களுக்கு 58. மீள்கிறது, ஆனால் முழுதாக மீளவில்லை. நிறுத்தியவர்களின் இதயம் துடிப்புக்குத் துடிப்பு தளர்ந்து விரிவதிலும் குறை இருந்தது. வாழ்நாளில் எத்தனை காலம் போட்டார்களோ அதற்கேற்ப இதயத் தமனிகளில் படிவும் கூடியிருந்தது. சைக்கிள் கணக்கை மாஸ்டர் வாரத்தில் வைத்திருக்கிறார். தமனி அதை ஆயுளில் வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சைக்கிள்காரர்கள் சொல்வதில்லை: இறங்குவது ஏறுவதுபோல இருக்காது. மருந்து நின்றதும் தசை வற்றுகிறது, மனம் சோர்கிறது, இச்சை போகிறது. கண்ணாடி முன்னால் நின்றால் பழைய ஒல்லிப் பையன் திரும்பி வந்து நிற்கிறான். அவனைப் பார்க்கப் பிடிக்காமல் அடுத்த சைக்கிள் சீக்கிரமே தொடங்குகிறது. அப்புறம் ‘குரூஸ்’ என்று ஒரு சொல் வருகிறது: சைக்கிளுக்கு இடையில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருப்பது. அதாவது இறங்குவதே இல்லை.

மூன்றாவது தூண்தான் புது மோஸ்தர்: ‘பிளட் டெஸ்ட் எடுத்துக்கிட்டேதான் போடுறேன்.’ போன வருடம் இதை என்னிடம் சொன்னவன் இருபத்துமூன்று வயதுக்காரன். கூரியரில் வேலை. ஜிம்முக்குக் கீழே டீக்கடையில் நின்றபடி பின்பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பெருமையோடு நீட்டினான். ஏதோ சலுகைப் பேக்கேஜில் எடுத்த பரிசோதனை. வரம்பை மீறிய எண்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எச்.டி.எல். 40க்கு மேல் இருக்க வேண்டியது 19. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதம். அந்த வரியின் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

“மாஸ்டர்ட்ட காட்டுனியா?”

“காட்டுனேண்ணே. சைக்கிள்ல இருக்கும்போது எல்லாருக்கும் இப்படித்தான்டா வரும், முடிச்சா ஏறிரும், மீன் மாத்திரை போடுன்னாரு.”

அந்தக் காகிதத்துக்கு ஆன கதியைக் கவனியுங்கள். பரிசோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. அபாயம் என்று தடித்த எழுத்தில் சொல்லிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து நிறுத்துவதாக இருந்தால் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. ‘இப்படித்தான் வரும்’ என்று பழக்கப்படுத்திக்கொண்டால், தீப்பிடித்தால் அடிக்கும் மணியை ‘அது அப்படித்தான் அடிக்கும்’ என்று கழற்றி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மேலும் இதயச் சுவர் தடிப்பதும் தமனியில் படிவு சேர்வதும் அந்தப் பேக்கேஜில் வராது. அதற்கு எக்கோவும் ஸ்கேனும் வேண்டும். அதை எடுக்கச் சொன்ன மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

மேற்பார்வை இருந்தால் ஆபத்தில்லை என்கிறவர்கள் கிழக்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். உலகத்தில் அதைவிடக் கச்சிதமான மருத்துவ மேற்பார்வையோடு யாரும் ஸ்டீராய்டு கொடுத்ததில்லை. 1974 முதல் ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில் நடந்தது. அரசு நிறுவனமான யேனாஃபார்ம் ஓரல்-டூரினபால் என்ற நீல மாத்திரையைத் தயாரித்தது. விஞ்ஞானிகள் அளவு குறித்தார்கள், மருத்துவர்கள் கண்காணித்தார்கள், ஒவ்வொன்றும் கோப்பில் ஏறியது. சுவர் இடிந்த பின் வெர்னர் ஃபிராங்கே, பிரிகிட்டே பெரெண்டோங்க் தம்பதி அந்தக் கோப்புகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஈரல் கெட்டதையும் பெண்களுக்குக் குரல் தடித்ததையும் ரோமம் வளர்ந்ததையும் அந்த மருத்துவர்களே குறித்து வைத்திருந்தார்கள். குறித்துவிட்டுத் தொடர்ந்து கொடுத்தார்கள். பதின்ம வயதில் அந்த மாத்திரையில் தொடங்கி, ஹைடி கிரீகர் என்ற பெயரில் 1986இல் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியன் ஆனவர், 1997இல் பாலின மாற்ற அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண்ட்ரியாஸ் கிரீகர் என்ற ஆண். தன் உடம்பைப் பற்றிய முடிவைத் தன் கையிலிருந்து அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்பது அவர் குறை. விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரெட் எவால்டும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹோப்னரும் 2000இல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். ஓர் அரசாங்கமே ஆய்வகத்தையும் மருத்துவர் படையையும் வைத்துக்கொண்டு சாதிக்காத ‘பாதுகாப்பான அளவை’ இரும்புக் கடை மாடியில் ஒரு மாஸ்டர் சாதித்துவிட்டார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அளவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது? கூரியர் பையன் தன் குப்பியை ஒருநாள் காட்டினான். 10 மில்லி எண்ணெய். பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர், ஐரோப்பியப் பெயர், செல்போனால் வருடிப் பார்க்க ஒரு சதுரக் கோலம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, மருந்து உரிம எண் இல்லை. ஐம்பது ரூபாய் இருமல் மருந்துப் புட்டியில்கூட இருப்பவை இவை. டெஸ்டோஸ்டிரோன் நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆகவே சீட்டில்லாதவனுக்கு வருவது கள்ளச் சரக்கு. எழுதியிருக்கும் 250 மில்லிகிராம் உள்ளே 100ஆக இருக்கலாம், 400ஆகவும் இருக்கலாம், எண்ணெய் மட்டுமாகவும் இருக்கலாம். எடை போட்ட தராசே கள்ளத் தராசு என்னும்போது ‘அளவா போடுறேன்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான்காவது தூண் ஒரு மனிதர். ‘அர்னால்டு போட்டாரே, எண்பதை நெருங்கியும் நல்லாத்தானே இருக்காரு?’ அர்னால்டு தான் போட்டதை மறைத்தவர் இல்லை. அவருக்கு நடந்த இதய அறுவை சிகிச்சைகளும் பிறவியிலேயே இருந்த வால்வுக் கோளாறுக்காக நடந்தவை. அதை ஸ்டீராய்டின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. ஆனால் ‘எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு’ என்பதும் இதுவும் ஒரே வாதம். பிழைத்தவர் வந்து பேசுவார், பிழைக்காதவர் வர மாட்டார். ஆஸ்திரியாவின் ஆணழகன் ஆண்ட்ரியாஸ் மூன்சர் 1996இல் 31 வயதில் போனார். இன்னொரு ஆணழகன் டல்லஸ் மெக்கார்வர் 2017இல் 26 வயதில். அவருடைய இதயம் 833 கிராம் இருந்தது. வளர்ந்த ஆணின் இதயம் சாதாரணமாக 300, 350 கிராம். பதினெட்டு வயதிலிருந்து போடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன ரிச் பியானா அதே ஆண்டில் 46 வயதில்.

தனி மனிதர் கதைக்குத் தனி மனிதர் கதை பதிலாகாது என்றால் கூட்டத்தையே எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஜிம்முக்கே போய்ச் சாதாரண உறுப்பினர்களையும் சோதிக்கிறது. 2006 முதல் 2018 வரை ஸ்டீராய்டுக்காகத் தடைசெய்யப்பட்ட 1,189 ஆண்களை, அதே வயதுள்ள 59,450 ஆண்களோடு ஒப்பிட்டு 2024இல் ஆய்வு வெளிவந்தது. தொடக்கத்தில் அவர்களின் சராசரி வயது 27. சராசரியாக 11 வருடம் பின்தொடர்ந்ததில் ஸ்டீராய்டு போட்டவர்களின் இறப்பு விகிதம் 2.8 மடங்கு. இவர்கள் மேடைக்காரர்கள் அல்லர், ஆணழகன்களும் அல்லர். வேலை முடிந்து மாலையில் ஜிம்முக்குப் போன சாதாரண இளைஞர்கள். 2.8 மடங்கு என்பதற்கு எல்லோரும் செத்தார்கள் என்று பொருளில்லை. பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதனால்தான் ஜிம்மில் சுற்றிப் பார்த்தால் ‘ஒண்ணும் ஆகல’ என்றே தெரிகிறது. முப்பது பேர் வந்துபோகும் மாடியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஆயிரம் பேரை எண்ணினால்தான் படும்.

ஐந்தாவது தூண்: ‘எல்லாரும் போடுறாங்க, போடாம ஜெயிக்க முடியாது.’ பளுதூக்கும் உலகத்தில் இதற்கு ஆதாரம் காட்டுவது சுலபம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் 94 கிலோப் பிரிவின் பழைய மாதிரிகளைப் பின்னர் மறுபடி சோதித்தபோது தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் பறிபோயின. ஐந்தாவதாக வந்த ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கம் போனது. எட்டாவதாக வந்தவருக்கு வெள்ளி. வெண்கலம் ஒன்பதாவதாக வந்த போலந்து வீரருக்கு. அவரும் 2016இல் ரியோவில் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டில் சிக்கியவர். நாமும் குறைந்தவர்கள் இல்லை. 2022இல் பெரிய அளவில் சோதனை நடத்திய நாடுகளில், சிக்கியவர்களின் விகிதம் இந்தியாவில்தான் அதிகம்: 3,865 மாதிரிகளில் 125.

இந்த வாதம் எதை நிரூபிக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஆட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்பதை நிரூபிக்கிறது. மருந்து பாதுகாப்பானது என்பதை அல்ல. ‘போடாம ஜெயிக்க முடியாது’ என்று சொன்ன அடுத்த நொடியே ‘அளவோடு’ என்பதும் உடைந்துவிடுகிறது. ஏனென்றால் போட்டி என்று வந்துவிட்டால் என் அளவை நான் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் தீர்மானிக்கிறான். அவன் 500 போட்டால் நான் 700. யார்க் கிளப்பில் தொடங்கிய அதே ஏலம்தான். மேடையே ஏறாத கூரியர் பையன் எதற்காக அந்த ஏலத்தில் கை தூக்குகிறான் என்று கேட்டால், அவன் செல்போன்தான் அவனுடைய மேடை.

கடைசித் தூண் கனமானது. அதைத் தட்டிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ‘என் உடம்பு, என் இஷ்டம். குடிக்கிறவன் இல்லையா, புகைக்கிறவன் இல்லையா?’ வயது வந்தவர் தெரிந்தே ஆபத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரைப் பிடித்து உள்ளே போடு என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் தேர்வு என்றால் எதிரே வைத்திருக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இங்கே தகவல் தருகிறவரே சரக்கு விற்கிறவர். குப்பிக்குக் கமிஷன், டயட் சார்ட்டுக்குத் தனிக் காசு, பி.சி.டி.க்கு இன்னொரு காசு. காணொளியில் ‘நான் நேச்சுரல், என் புரோட்டீனும் என் பிளானும்தான்’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஊசி போட்டுக்கொள்கிறவரைப் பார்த்துப் பதினெட்டு வயதுப் பையன் இரண்டு வருடம் முட்டையும் கடலையும் தின்று உழைக்கிறான். அந்த உடம்பு வரவில்லை. தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறான். அப்போது மாஸ்டர் தோளில் கை போட்டு, ‘தெரியாம போட்டாத்தான் தம்பி பிரச்சினை’ என்று தொடங்குகிறார். இதற்குப் பெயர் தேர்வு என்றால் தூண்டிலில் மாட்டிய மீனும் புழுவைத் தேர்ந்தெடுத்ததுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஊக்கமருந்துத் தடுப்புக்கு நம் நாட்டில் 2022இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அது போட்டி வீரர்களுக்கானது, மாடி ஜிம் அதன் கண்ணில் படாது. டென்மார்க்கைப்போல ஜிம்முக்குள் போய்ச் சோதிக்கும் நாள் இங்கே வருமோ வராதோ, மருந்துக் கடையிலும் கூரியரிலும் சீட்டில்லாமல் ஓடும் சரக்கைப் பிடிக்க இருக்கிற சட்டமே போதும். போட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று: நிறுத்த நினைத்தால் மாஸ்டரிடம் போகாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள், போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், இதயத்துக்கு எக்கோ எடுங்கள். நிறுத்தியபின் வரும் மனச்சோர்வு பலவீனமில்லை, மருந்தின் விளைவு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. மருத்துவர்களுக்கு ஒன்று: வந்து உட்கார்ந்தவனை ‘அறிவிருக்கா’ என்று கேட்டுத் துரத்தாதீர்கள். துரத்தினால் அவன் நேராக மாடிப்படி ஏறுவான்.

எங்கள் ஜிம்மில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு தையல்காரர் டேப் தொங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் அளந்து நோட்டில் எழுதுவார்கள்: கை, மார்பு, தொடை, இடுப்பு, எடை. கூரியர் பையனின் கை பதினாறரை இன்ச். டீக்கடையில் அவனுக்கு நான் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு டீ ஆறும் வரை சொன்னேன். டென்மார்க், கிழக்கு ஜெர்மனி, 833 கிராம் எல்லாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். காகிதத்தை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“எல்லாம் சரிண்ணே. அப்ப எவ்வளவு போட்டா பரவாயில்ல?”

அன்று எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், தம்பி. மருத்துவர் உன்னைப் பரிசோதித்து, குறை இருக்கிறது என்று கண்டு எழுதித் தராத வரைக்கும் அந்த எண் பூஜ்யம்.